முடியும் மூடியும்

கேமராவுக்குக் கண் மட்டும்தான், காது கிடையாது என்று சொல்லித்தான் எங்கள் மில்லில் அதை மாட்டினார்கள், அதனால் பதினெட்டு கேமராவும் பல்லி மாதிரி சுவரில் ஒட்டிக்கொண்டு பார்த்தபோதும் நாங்கள் எங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டுதான் நூல் ஒட்டினோம். பேச்சு என்றால் சத்தமான பேச்சு இல்லை, நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் மெஷின் நாற்பதும் சேர்ந்து இரைகிற இடத்தில் காதோடு வாய் வைத்துக் கத்தினால்கூட பாதிதான் கேட்கும், ஆகவே உதட்டை மட்டும் அசைப்போம், எதிரே நிற்கிறவள் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள், வாய் படிக்கிறது என்று அதற்குப் பெயர். புதிதாக வருகிறவள் அறுந்த நூலை ஒட்டப் பழக ஒரு மாதம், வாய் படிக்கப் பழக மூன்று மாதம். படித்துவிட்டவளுக்கு மில்லுக்கு வெளியேயும் தொல்லைதான், பஸ்ஸில் ஆறு சீட்டு தள்ளிப் புருஷனும் பெண்டாட்டியும் குசுகுசுக்கிற சண்டைகூட அவளுக்கு முழுசாகத் தெரிந்துபோகும்.

எனக்கு வாய் படிக்க நன்றாக வரும். வாயைத் திறக்கத்தான் வராது. ஏழாம் வகுப்பில் டீச்சர் எழுப்பிவிட்டுக் கேள்வி கேட்டபோது பதில் தெரிந்தும் நின்றேனே, அன்றிலிருந்து அப்படித்தான். பதினாலாம் ஃப்ரேமில் நாங்கள் ஆறு பேர். செல்லக்கிளி அக்கா, ராமுத்தாய், நிர்மலா, பேச்சி, வீரலட்சுமி, அப்புறம் பாண்டீஸ்வரியாகிய நான். ஆறு பேர் நிற்கிற இடத்தில் ஐந்து பேர் பேசுவார்கள், நான் சிரிப்பேன்.

வீரலட்சுமிக்குப் பத்தொன்பது வயது. மூன்று முழம் சடை, அதைச் சுருட்டித் தொப்பிக்குள் திணிக்க அவளுக்குத் தினமும் பத்து நிமிஷம் ஆகும். பங்குனி மாதத்தில் எங்கள் ஃப்ரேமின் ஓரத்தில் பெல்ட்டும் பல்சக்கரமும் சுற்றுகிற இடத்தை மூடியிருந்த இரும்பு மூடி உடைந்துபோனது, கழற்றிக்கொண்டு போனார்கள், ஒன்பது நாள் வேறு மூடி வரவில்லை. ஒன்பதாம் நாள் குனிந்து நூல் ஒட்டும்போது தொப்பி சரிந்து அவள் சடை நழுவி இறங்கியதை நான் பார்த்தேன். எதிர்ப்பக்கம் நின்று நேராகப் பார்த்தேன். என் வாய் திறந்தது, சொல் வரவில்லை, அதற்குள் பெல்ட் அவளை இழுத்துக்கொண்டது.

தலைத்தோலும் வலது காதும் பிய்ந்துபோய் அவளை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் சூப்பர்வைசர் ஒரு காகிதத்தை எழுதிக்கொண்டு வந்தார், "எனக்கு ஒன்றும் தெரியாது, அவள் கவனக்குறைவாக இருந்தாள்" என்று அதில் இருந்தது, ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம். எனக்கு வீட்டில் ஏழு மாதக் கைக்குழந்தை. மற்றவர்களுக்கும் என்னைப் போல ஏதோ ஒன்று.

அதற்கப்புறம் எனக்கு நூல் ஒட்ட வரவில்லை, ஒட்டினதெல்லாம் அறுந்தது. மேனேஜர் கோதண்டபாணி சார் என்னைக் கேமரா ரூமில் உட்கார வைத்தார். "உனக்குத்தான் வாயே கிடையாதே, உன்னை மாதிரி ஆள்தான் இங்க வேணும்" என்றார். ஏசி ரூம். கம்ப்யூட்டரில் தேதி வாரியாக ஃபைல் அடுக்க வேண்டும். நூல் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் கேட்பார்கள் என்று ஒரு வருஷத்து வீடியோவைச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்குக் கரண்டு போய் வந்தது, வந்ததும் கேமராவுக்குக் காது வந்துவிட்டது. நான் ஒரு ஃபைலைத் திறந்தேன், ஸ்பீக்கரில் யாரோ சிரித்தாள். திரும்பிப் பார்த்தேன், ரூமில் யாருமில்லை. திரையில் கோன் சுற்றுகிற டிபார்ட்மெண்டில் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள், அவள் வாய் அசைகிறபடியே குரல் வந்தது, மெஷின் இரைச்சல் ஒரு பொட்டு இல்லை, காதோரம் வந்து சொல்கிற மாதிரி அவ்வளவு சுத்தமாக வந்தது, அவள் உதட்டால் மட்டும் சொன்னதுகூடக் குரலோடு வந்தது. ஆடியோ என்று இருந்த இடத்தை அழுத்தினால் ட்ராக் ஒன்று, ட்ராக் இரண்டு, ட்ராக் மூன்று என்று வரிசையாக விரிந்தது, படத்தில் எத்தனை பெண்கள் வாய் அசைக்கிறார்களோ அத்தனை ட்ராக், ஆளுக்கு ஒன்று. போன மாதத்து ஃபைலிலும் இருந்தது, போன வருஷத்து ஃபைலிலும் இருந்தது. நான் மத்தியானம் வரைக்கும் கேட்டுவிட்டு, சாப்பாட்டு மணி அடித்ததும் கேண்டீன் போய் செல்லக்கிளி அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன்.

அக்கா தன் குரலைக் கேட்டுவிட்டு, "அடியே, நான் இவ்வளவு புறணியா பேசுறேன்?" என்றாள். அவ்வளவுதான் அவள் ஆச்சரியப்பட்டது.

மேனேஜர் அந்த வாரம் முழுக்கக் கோயமுத்தூரில் இருந்தார். புதன்கிழமை டீ நேரத்தில் பத்துப் பத்துப் பேராக வந்தார்கள், வியாழக்கிழமை கேட்டில் வீட்டு ஆட்களும் வந்து நின்றார்கள், வாட்ச்மேன் ரேஷன் கடை மாதிரி வரிசை போட்டு உள்ளே விட்டார். ஒரு மாமியார் மருமகள் தன்னைப் பற்றி என்ன பேசுகிறாள் என்று கேட்க வந்து அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்து, "நல்லாத்தான் பேசுறா, புளிக்குழம்பைத்தான் கொறை சொல்றா" என்று எழுந்து போனாள், மறுவாரம் அந்த வீட்டில் புளி குறைந்தது. நாலு வருஷமாகப் பேச்சில்லாத இரண்டு பேர், ஒருத்தி முதுகுக்குப் பின்னால் இன்னொருத்தி அவளுக்காக அழுததைக் கேட்டுவிட்டு, ஒரே டிபன் பாக்ஸைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். போன வருஷம் காய்ச்சலில் செத்துப்போன ராக்கம்மாவின் புருஷன் தினமும் சாயங்காலம் சைக்கிளில் வருவார், பஞ்சு சிக்கெடுக்கிற கார்டிங் டிபார்ட்மெண்டில் அவள் யாரிடமோ மாங்காய் ஊறுகாய் கேட்கிற இடத்தை ஒருதரம் கேட்பார், போய்விடுவார். மாரியம்மன் கோயில் பூசாரி வந்து கம்ப்யூட்டருக்கு விபூதி பூசிவிட்டுப் போனார், விபூதி உள்ளே இறங்கி மவுஸ் இரண்டு நாள் இழுத்து இழுத்து ஓடியது.

ஆண்களுக்கு ட்ராக் வரவில்லை. மேஸ்திரிக்கு அதில் பெரிய வருத்தம். "அப்ப நாங்கள்லாம் ஊமையா?" என்று கேட்டார்.

"நீங்கதான் காதுகிட்ட வந்து கத்துறீங்களே அண்ணே, உங்களுக்கு எதுக்குத் தனியா?" என்றாள் ராமுத்தாய்.

ஏன் வந்தது, எப்படி வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் பேசியது எங்கேயாவது போய்ச் சேர்ந்திருக்கத்தானே வேண்டும் என்று செல்லக்கிளி அக்கா சொன்னாள், எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது.

சனிக்கிழமை வீரலட்சுமியின் அம்மா காளியம்மாள் ஆஸ்பத்திரித் தூக்குச்சட்டியோடு வந்தாள். நான் பதினாலாம் ஃப்ரேமின் ஒன்பது நாளையும் போட்டேன். முதல் நாள் வீரா மேஸ்திரியைப் பார்த்து, "அண்ணே, மூடி இல்லண்ணே" என்றாள். இரண்டாம் நாள், "அண்ணே, மூடி வரலையாண்ணே?" மூன்றாம் நாள், நாலாம் நாள், அப்படியே. எட்டாம் நாள் கெஞ்சுகிற மாதிரி சொன்னாள். ஒன்பதாம் நாள் காலை விளையாட்டாக, "மூடி வராதாண்ணே, நானே போயி மூடியா நின்னுக்கவா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். காளியம்மாள் அழவில்லை, தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, ஆறு பேரு நிக்கிறீங்க. அஞ்சு குரல்தானே வருது?" என்றாள்.

"ஆமாம்மா."

"ஆறாவது யாரு?"

"நான்."

அவள் திரையில் என் முகத்தைப் பார்த்தாள். ஒன்பதாம் நாள், பதினொன்று இருபது, என் வாய் திறந்திருக்கிறது, அதில் ஒன்றும் இல்லை. பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளைக்காரி. உன்னைச் சொல்லி என்ன" என்றாள். திட்டியிருந்தால் நான் அன்றைக்குத் தூங்கியிருப்பேன்.

"புதன்கிழமை விசாரணைக்குக் கவர்மெண்டு ஆபீசரம்மா வர்றாங்களாம். என் பிள்ளை மேலதான் தப்புன்னு எழுதிட்டா, ஆயுசுக்கும் அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு அலையணும்த்தா. இருக்கிறதே பாதித் தலை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை மேனேஜர் வந்தார். யார் சொன்னார்களோ, நேராகக் கேமரா ரூமுக்கு வந்து, ஸ்பீக்கரில் இரண்டு நிமிஷம் கேட்டார், முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னம்மா இது, ரேடியோ ஸ்டேஷன் நடத்துறியா?" என்றார். திருப்பூரில் கம்ப்யூட்டர் பார்க்கிறவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "எல்லா ஃபைல்லயும் வேண்டாத ஆடியோவை எடுக்கணும், மூவாயிரத்து இருநூறு ஃபைல் இருக்கு, ஒண்ணொண்ணா உக்காந்து பண்ண நேரமில்லை."

அந்த ஆள் போனில் சொன்னார், எல்லாத்தையும் மொத்தமாப் பிடிச்சு இழுத்து லிஸ்ட்ல போடுங்க, படத்துக்கு மட்டும் டிக் இருக்கட்டும், ஆடியோ ட்ராக்ல இருக்கிற டிக்கை எல்லாம் எடுத்துருங்க, பழைய ஃபைல் மேலயே எழுதச் சொல்லுங்க, அப்புறம் ஒரே அழுத்து.

நான் மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "எது சார் வேண்டாதது?" என்று கேட்டேன். கேட்டேன் என்றால், என் மடியைப் பார்த்துக் கேட்டேன்.

"எல்லாமேதான்" என்றார். "உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு கையெழுத்து இருக்கு, ஞாபகம் இருக்கட்டும். குழந்தையைக் காப்பகத்துல விட்டுட்டுத்தானே வர்ற? அது மில்லு காப்பகம்."

அழுத்தியது என் விரல்தான். இதை யார் மேலும் நான் போடமாட்டேன். பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக நகர்ந்தது, ஒரு ஃபைல் முடிந்து அடுத்த ஃபைல், அது முடிந்து அடுத்தது, பஞ்சிலிருந்து கொட்டை பிரிகிற மாதிரி படத்திலிருந்து குரல் பிரிந்து பிரிந்து போனது, புளிக்குழம்பு போனது, செல்லக்கிளி அக்காவின் புறணி போனது, ராக்கம்மாவின் மாங்காய் ஊறுகாய் போனது, ஒன்பது நாள் கேட்ட மூடி போனது. நாற்பது நிமிஷம். மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார். முடிந்ததும் நாலாம் நாள் வீடியோவைப் போட்டுப் பார்த்தார், சத்தம் இல்லை, "இப்பத்தான் வீடியோ வீடியோ மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் ராக்கம்மாவின் புருஷன் வந்தார். நான் அந்த இடத்தைப் போட்டேன். சத்தம் வரவில்லை. அவர் சைக்கிள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எனக்குத் திரையில் ராக்கம்மாவின் உதடு தெரிந்தது, அது அசைந்துகொண்டேதான் இருந்தது, ஒன்றும் போகவில்லை. "'ஏ, அந்த ஊறுகாயை இங்கிட்டுத் தள்ளுடி, நீயே திம்பியா' அப்படிங்கிறாங்க அண்ணே" என்று நான் சொன்னேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். "அவ சொன்ன மாதிரியேதாம்மா சொல்ற" என்றார்.

மறுநாள் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் நான் பதினாலாம் ஃப்ரேமுக்குப் போனேன். இரைச்சலுக்கு நடுவே நின்று, நாலு பேரையும் கையசைத்துக் கூப்பிட்டு, உதட்டை அசைத்தேன். நாளைக்குப் பத்து மணிக்கு மேனேஜர் ரூம் வராந்தாவுக்கு வாங்க என்று சொன்னேன்.

செல்லக்கிளி அக்கா கையில் இருந்த நூலை விட்டுவிட்டாள். "ஏ, பாண்டி பேசுறாடி!" என்று உதட்டாலேயே கத்தினாள். அதை அடுத்த ஃப்ரேம் படித்தது, அதற்கு அடுத்தது படித்தது, நாற்பது ஃப்ரேமும் திரும்பி என்னைப் பார்த்தது. எனக்குக் கழுத்தெல்லாம் வேர்த்தது. இருந்தாலும் இன்னொரு தரம் சொன்னேன்.

புதன்கிழமை ஆபீசரம்மா வந்தார்கள். கண்ணாடி போட்டு, பருத்திச் சேலை கட்டி, தண்ணீர் பாட்டிலைத் தானே கொண்டு வந்தவர்கள். கம்ப்யூட்டரை இயக்க மேனேஜர் என்னைத்தான் ஓரத்தில் நிறுத்தியிருந்தார். நாலாம் நாள் வீடியோவைப் போடச் சொன்னார், போட்டேன். வீராவின் வாய் அசைந்தது.

"பாருங்க மேடம், வாய் ஓயாம பேசிக்கிட்டே நிக்குது. கவனம் எங்க இருக்கும்?" என்றார் மேனேஜர்.

எனக்கு ஏழாம் வகுப்பு டீச்சர் ஞாபகம் வந்தார். பதில் தெரியும். இந்தத் தடவையும் தெரியும்.

"அவ பேச்சுப் பேசல மேடம்" என்றேன். "மூடி கேக்குறா. 'அண்ணே, இன்னும் மூடி இல்லண்ணே'ங்கிறா. ஒம்பது நாளும் கேட்டா."

"நீ வெளிய போம்மா" என்றார் மேனேஜர்.

"இருக்கட்டும்" என்றார்கள் ஆபீசரம்மா. "உனக்கு எப்படித் தெரியும்?"

வாய் படிக்கிறதைச் சொன்னேன். திக்கித் திக்கித்தான் சொன்னேன். மேனேஜர் சிரித்தார். மில்லுக்கு வந்து இருபது வருஷம் ஆகிறதே, அவருக்கும் கொஞ்சம் தெரிந்திருந்தது. "சரி மேடம், இவ சொல்ற மாதிரியே உதட்டைப் படிக்கலாம்னு வச்சுக்குவோம். மூடிக்கும் முடிக்கும் உதட்டுல என்ன வித்தியாசம்? அந்தப் பொண்ணு முடியைப் பத்திப் பேசியிருக்கும். முடி, சடை, பூ, இதானே இதுகளுக்குப் பேச்சு."

குரல் இருந்திருந்தால் அந்த ஒரு கேள்வி வந்திருக்காது. மூவுக்கு உதடு குவிந்து கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும், எங்களுக்குத் தெரியும், அதை எப்படிக் காட்டுவது என்று தேடிக்கொண்டிருந்தபோது வராந்தாவில் இருந்து செல்லக்கிளி அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஏன் சார்," என்றாள், "மூணு முழம் சடையை வச்சுக்கிட்டு எவளாவது ஒம்பது நாளா 'அண்ணே, முடி இல்லண்ணே'ம்பாளா? மேஸ்திரி என்ன, சவுரி விக்கிறாரா?"

ஆபீசரம்மா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள், புரையேறிவிட்டது. இருமி முடித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அக்காவை மறுபடி வராந்தாவுக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். தன் கையாலேயே மவுஸைப் பிடித்து, அந்த ஒன்பது நாள் லிஸ்ட்டில் கண்ணை மூடிக்கொண்டு இறக்கி, ஒரு இடத்தில் நிறுத்தி, திறந்தார்கள். பதினாலாம் ஃப்ரேம், ஐந்தாம் நாள். வீராவுக்குப் பத்தடி தள்ளி மேஸ்திரியும் மேனேஜரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆண்களுக்கு ட்ராக் வராததால் அந்த இடத்தை அதுவரை யாரும் கவனித்ததே இல்லை.

"இதைப் படி" என்றார்கள்.

படித்தேன். "சார் சொல்றாரு மேடம், 'நிறுத்தினா ஆர்டர் நின்னுபோகும். மூடி வரும்போது வரட்டும். அப்படியே ஓட்டு, பிள்ளைக பாத்து நின்னுக்கும்.'"

ராமுத்தாயைக் கூப்பிட்டார்கள். அதே சொல். நிர்மலா, அதே சொல். பேச்சி, அதே சொல். படித்தவளை வெளியே விடாமல் சுவரைப் பார்த்து நிற்க வைத்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார்கள். கடைசியில் செல்லக்கிளி அக்கா, எல்லாம் சொல்லிவிட்டு, "சார் வாயில பாக்கு இருந்துச்சு மேடம், அதனால 'ஓட்டு' மட்டும் கொஞ்சம் கொழகொழன்னு இருக்கு" என்றாள்.

மேனேஜர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். ஐந்து பேரும் திரும்பி அவர் உதட்டைப் பார்த்தோம். அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆபீசரம்மா பழைய காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்கள். "இதுல ஒண்ணும் தெரியாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கியே?"

"அது பொய் மேடம்" என்றேன். "மூடி இல்லாததும் தெரியும், சடை இறங்குனதும் தெரியும். நான் வாயைத் திறக்கல. சத்தத்தை அழிச்சதும் நான்தான், சார் சொல்லி அழிச்சேன். எல்லாத்தையும் எழுதுங்க."

எழுதினார்கள். பெரிய எழுத்தாக என் பெயரைப் போட்டேன். பிறகு நாலு பேரும் போட்டார்கள்.

அன்று மத்தியானமே என்னைக் கேமரா ரூமை விட்டு அனுப்பிவிட்டார்கள். என் தூக்குச்சட்டியை எடுக்கப் போனபோது மேனேஜர் ரூம் கேமராவின் காலை ஃபைலைத் திறந்து பார்த்தேன். அந்த ரூமில் நாங்கள் ஐந்து பேர், ஆபீசரம்மாவோடு ஆறு. ஆடியோவை அழுத்தினேன். ஆறு ட்ராக். ஒன்றாவதைத் தொட்டேன். என் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மெல்லிசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், எங்கள் அம்மா கோழி விரட்டுகிற குரல் மாதிரி கரகரவென்று இருந்தது. இரண்டு தரம் கேட்டேன்.

அடுத்த வாரத்துக்குள் நாற்பது ஃப்ரேமுக்கும் புது மூடி வந்தது. விசாரணை முடிந்து எழுதிய தாளில் வீரா மேல் தப்பு இல்லை என்று இருந்தது, அதைக் காளியம்மாள் மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாள். இப்போது எங்கள் மில்லில் ஆபீஸ் ஆண்கள் ஃப்ரேம் பக்கம் வந்தால் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு வருகிறார்கள், பஞ்சுத் தூசி என்று சொல்கிறார்கள். நான் மறுபடியும் பதினாலாம் ஃப்ரேமில் நிற்கிறேன். காப்பகத்தை மூடுவோம் என்று ஒருநாள் மிரட்டினார்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நாற்பது பேர் மேனேஜர் ரூமுக்குள் போய் உட்கார்ந்தோம், மறுநாள் திறந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போனேன். வீரா கட்டிலில் சாய்ந்திருந்தாள், தலை முழுக்கக் கட்டு, கட்டுக்குக் கீழே அதே கண். வார்டில் பத்து பதினைந்து பேர் இருந்தார்கள். எனக்குப் பழையபடி நாக்கு ஒட்டிக்கொண்டது. உதட்டை மட்டும் அசைத்து, "மன்னிச்சிருடி, நான் அன்னைக்குப் பார்த்தேன்" என்றேன்.

அவள் என் வாயையே பார்த்தாள். சிரித்தாள். "உன் வாயை எனக்குப் படிக்கத் தெரியாதுக்கா, எப்பவும் மூடியே கெடந்த வாய்தானே" என்றாள். அப்புறம் இடது பக்கம் தலையைத் திருப்பிக் காட்டினாள். "இந்தக் காது நல்லாத்தான் இருக்கு. சத்தமாச் சொல்லு."

சொன்னேன். வார்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.